ஆஸ்துமாவில் டியூப்: எப்போது, எதற்காக?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்துமாவால் ஒருவர் இறந்த செய்தி வரும்போது பெரும்பாலும் அதில் ஒரு வரி இருக்கும்: செயற்கை சுவாசம் பொருத்தியும் பலனில்லை. படிப்பவர் மனதில் தங்குவது, டியூப் போட்டால் ஆள் திரும்ப மாட்டார் என்ற எண்ணம்தான். அதன் விளைவை அவசர சிகிச்சைப் பிரிவில் பார்க்கலாம். "என்ன வேணும்னாலும் பண்ணுங்க டாக்டர், டியூப் மட்டும் வேண்டாம்" என்று குடும்பத்தார் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். இன்னொரு பக்கம், வந்து இறங்கிய ஐந்தாவது நிமிடமே "டியூப் போட்டுடுங்க, சரியாயிடும்" என்று நெருக்குகிறவர்களும் உண்டு. இரண்டுமே நோயாளிக்குக் கெடுதல் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுத இடம் கேட்கிறோம்.

டியூப் என்பது வாய்வழியே, குரல்வளையைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் செலுத்தப்படும் பிளாஸ்டிக் குழாய். பெரியவர்களுக்கு உதட்டோரத்தில் 21 முதல் 23 செ.மீ. குறி தெரியும்படி நிறுத்துவார்கள். மூச்சுக்குழாய் இடம் வலமாகப் பிரியும் இடத்துக்குச் சற்று மேலேயே அதன் நுனி நின்றுவிடும். ஆஸ்துமாவின் அடைப்பு இருப்பதோ அதற்கும் வெகு கீழே, நுரையீரலுக்குள் கிளைகிளையாகப் பிரியும் சிறு குழல்களில். அங்கே குழலைச் சுற்றிய தசை இறுகியிருக்கும், உட்சுவர் வீங்கியிருக்கும், கெட்டிச்சளி தக்கைபோல் அடைத்திருக்கும். இந்த மூன்றையும் டியூப்பால் எட்டவே முடியாது. ஒவ்வாமையில் தொண்டை வீங்கி மூச்சடைத்தவருக்கு டியூப் போட்டதும் வழி திறந்துவிடும். ஆஸ்துமாவில் அப்படி நடக்காது. சொல்லப்போனால், குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் குழாய் உரசுவதே குழல்களை மேலும் இறுக்கிவிடக்கூடும்.

பிறகு எதற்கு அதைப் போடுகிறோம்? ஆஸ்துமாவில் மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் கடினம். உள்ளே போன காற்று முழுதாக வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும். இதைப் படிப்பவர் மூச்சை நன்றாக இழுத்து, கால்வாசி மட்டும் விட்டு, அதன் மேலேயே மறுபடி இழுத்துப் பார்க்கட்டும். நான்கைந்து முறைக்கு மேல் தாங்காது. தாக்குதல் வந்தவர் இதை நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல், மணிக்கணக்கில் செய்துகொண்டிருக்கிறார். காற்று தேங்கத் தேங்க நெஞ்சு உப்பும், உதரவிதானம் தட்டையாகும், ஒவ்வொரு மூச்சுக்கும் தசைகள் பல மடங்கு உழைக்க வேண்டிவரும். ஒரு கட்டத்தில் தசை ஓய்ந்துவிடும். குழல்களின் வீக்கத்தை வற்றவைக்கும் ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்க நான்கு மணி நேரமாவது ஆகும். அதுவரை அவரால் தாக்குப்பிடிக்க முடியாது என்று தெரியும்போது, தசைகளின் உழைப்பை செயற்கை சுவாசக் கருவியான வென்டிலேட்டருக்கு மாற்ற டியூப் தேவைப்படுகிறது. நோயைத் தீர்ப்பது மருந்துதான். அது வேலை செய்ய அவகாசம் வாங்கித் தருவது மட்டுமே டியூப்பின் பங்கு.

ஆகவே முதல் ஒரு மணி நேர சிகிச்சை ஒழுங்காக நடந்தால், கடும் தாக்குதலோடு வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு டியூப் தேவைப்படாது. இறுகிய குழல்களைத் தளர்த்தும் சால்பியூட்டமால் 2.5 முதல் 5 மி.கி. வரை நெபுலைசரில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை. அதோடு, குழல்களைத் தளர்த்தும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோபியம் 0.5 மி.கி. ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் 40 முதல் 50 மி.கி. வாய்வழியே, விழுங்க முடியாதவருக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் நரம்பு வழியே. ஸ்டீராய்டைத் தாமதிக்கக் கூடாது. அது வேலை செய்ய நேரம் எடுக்கும் என்பதாலேயே முதலில் போட்டுவிட வேண்டும். ஆக்சிஜன், பெரியவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவு 93 முதல் 95 சதவீதத்தில் நிற்கும்படி. 100-ஐத் தொட வேண்டிய அவசியம் இல்லை. இவற்றுக்கு மசியாவிட்டால் மெக்னீசியம் சல்பேட் 2 கிராம், 20 நிமிடத்தில் நரம்பு வழியே. வீட்டிலோ வழியிலோ நெபுலைசர் இல்லையென்றால் ஸ்பேசர் (மருந்தைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் கூடு) மாட்டிய சால்பியூட்டமால் இன்ஹேலர் போதும். 4 முதல் 10 பஃப், ஒவ்வொன்றாக, ஒவ்வொரு பஃப்புக்கும் நாலைந்து மூச்சு விட்டு இழுத்து. நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள். உட்கார்ந்தபடியே கொண்டு வாருங்கள்.

இந்த ஒரு மணி நேரத்தில் மருத்துவர் என்ன பார்க்கிறார் என்பது குடும்பத்தாருக்கும் தெரிந்திருப்பது நல்லது. முழு வாக்கியம் பேசுகிறாரா, ஒவ்வொரு சொல்லாக விடுகிறாரா? கழுத்துத் தசை புடைத்து, கைகளை முன்னால் ஊன்றிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாரா? மூச்சை இழுக்கும்போது வயிறு வெளியே வருவதற்குப் பதில் உள்ளே போகிறதா? கடைசியாகச் சொன்னது உதரவிதானம் ஓய்ந்துபோவதற்கான அடையாளம். நாடி 120-ஐத் தாண்டுவது, மூச்சு 30-ஐத் தாண்டுவது, ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ அவருடைய வழக்கமான அளவில் பாதிக்குக் கீழே போவது எல்லாம் கடுமை. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால் உயிருக்கு ஆபத்து. அந்த நிலையில் இருப்பவரை ஊதச்சொல்லி வதைக்கவும் தேவையில்லை, பார்த்தாலே தெரியும்.

இங்கே இரண்டு அடையாளங்கள் குடும்பத்தாரை ஏமாற்றிவிடும். ஒன்று, சத்தம். "வீசிங் சத்தம் நின்னுடுச்சு, பரவாயில்லை" என்பார்கள். சத்தம் வரக் காற்று ஓட வேண்டும். காற்றே ஓடாத நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் ஒன்றும் கேட்காது. மருந்து வேலை செய்து சத்தம் குறைந்தால் ஆள் தெளிவாகப் பேசுவார், மூச்சும் நிதானமாகும். பேச்சும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் போனால் அது மிக மோசமான நிலை. இன்னொன்று, தூக்கம். இரவெல்லாம் உட்கார்ந்து மூச்சுக்குப் போராடியவர் விடியற்காலையில் கண்ணயர்ந்தால், பாவம், இப்போதுதான் தூங்குகிறார் என்று விட்டுவிடுகிறார்கள். எழுப்பினால் தெளிவாகப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். 36-ல் இருந்த மூச்சு 14-க்கு இறங்கி, தலை தொங்கி, உளறினால் அது தூக்கம் கிடையாது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி மூளை மந்தமாகிறது. மூச்சு நிற்கச் சில நிமிடங்களே இருக்கலாம்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. முகமூடியில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால் அது 95 என்று காட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கும். அதை அறிய மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். சாதாரண அளவு 35 முதல் 45 மி.மீ. பாதரசம். இந்த எண்ணைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. தாக்குதலின் தொடக்கத்தில் நோயாளி வேகமாக மூச்சு விடுவதால் அது 35-க்கும் கீழே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 35 முறை மூச்சு வாங்குபவருக்கு 40 என்று வந்தால் பரிசோதனைத் தாளில் "நார்மல்" என்றுதான் அச்சாகியிருக்கும். உண்மையில் அவர் களைத்துக்கொண்டிருக்கிறார். அனுபவம் குறைந்த பணியாளர்கள் தடுமாறும் இடம் இது.

அதே சமயம், எண் ஒன்றை மட்டும் வைத்து டியூப் போடுவதும் தவறு. வந்தவுடன் 55 காட்டியவர், விழிப்போடு இருந்து மருந்துக்கு இணங்கினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் 40-க்கு இறங்கிவிடுவதுண்டு. ஒரு எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். அரை மணிக்கு ஒருமுறை ஆளைப் பார்த்து, மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே எண் ஏறுகிறதா, ஆள் சோர்கிறாரா என்று கவனிக்க வேண்டும். எதிர்த்திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. சால்பியூட்டமால் அதிகம் போனால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும். அந்த அமிலத்தை ஈடுகட்ட நோயாளி இன்னும் வேகமாக மூச்சு வாங்குவார். நெஞ்சில் காற்றோட்டம் நன்றாகக் கேட்கும், இளைப்பு மட்டும் குறையாது. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மேலும் மேலும் நெபுலைசர் வைத்தால் நிலைமை சிக்கலாகும். லாக்டிக் அமில அளவைப் பார்த்து மருந்தைக் குறைத்தால் தணியும்.

அப்படியானால் தயங்காமல் டியூப் போட வேண்டியது யாருக்கு? இதயமோ மூச்சோ நின்றுவிட்டவர், நிற்கப்போகிறவர், நினைவு தவறுபவர், முழு சிகிச்சைக்குப் பிறகும் கண்ணெதிரே களைத்துக்கொண்டே போகிறவர், ஆக்சிஜன் எவ்வளவு கொடுத்தும் ஏறாதவர். முதல் மூவருக்கு விவாதம் இல்லை. நான்காமவர் விஷயத்தில் படுக்கையருகே நிற்கும் மருத்துவரின் கணிப்புதான் தீர்மானிக்கிறது. எந்தக் கருவியும் அந்த முடிவை எடுத்துத் தராது. மாஸ்க் வழியே அழுத்தக் காற்று தரும் பைபேப் கருவியை, ஒத்துழைக்கும் நோயாளிக்குச் சிறிது நேரம் வைத்துப் பார்க்கலாம். ஆஸ்துமாவில் அதற்கான சான்று பலமாக இல்லை. மாஸ்க்கைப் பிடுங்கி எறிகிறார் என்பதற்காகத் தூக்க ஊசி போட்டு அதை மாட்டிவைப்பது ஆபத்து. டியூப் போடாத ஆஸ்துமா நோயாளிக்குத் தூக்க மருந்து கொடுக்கவே கூடாது. பதற்றம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் காற்றுப் பசி.

போடுவது என்று முடிவானால், அங்கே இருப்பவர்களில் கைதேர்ந்தவர் போட வேண்டும். பலமுறை முயன்று பார்க்கும் இடம் இது இல்லை. பெரிய அளவு டியூப் வேண்டும்: ஆண்களுக்கு உள்விட்டம் 8 மி.மீ. அல்லது அதற்கு மேல், பெண்களுக்கு 7.5 அல்லது 8. எட்டிலிருந்து ஏழுக்கு இறங்கினாலே காற்றுத் தடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். சளித்தக்கைகளை உறிஞ்சி எடுக்கவும் இடம் போதாது. மூக்கு வழி வேண்டாம், வாய் வழியே நல்லது. அதற்கு முன் 100 சதவீத ஆக்சிஜன். இரவு முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வியர்த்துக் கொட்டியவர் என்பதால் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சலைன். பிபியை ஏற்றும் மருந்து சிரிஞ்சில் தயாராகக் கையருகே இருக்க வேண்டும். மயக்கத்துக்குக் கீட்டமின், கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி.; அது குழல்களைத் தளர்த்தவும் செய்யும். உடனே வேகமாகச் செயல்படும் தசைத்தளர்வு மருந்து. மார்ஃபின் ஹிஸ்டமினை வெளியிட்டு இறுக்கத்தைக் கூட்டக்கூடும் என்பதால் தவிர்ப்பார்கள்.

உண்மையான ஆபத்து டியூப் உள்ளே போன அடுத்த பத்து நிமிடத்தில் இருக்கிறது. இதைத்தான் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறோம். டியூப் போட்டதும் பதற்றத்தில் யாராவது கையால் அழுத்திக் காற்றடிக்கும் பையான ஆம்பு பேக்கை வேகவேகமாக அழுத்துவார்கள், நிமிடத்துக்கு 25, 30 என்று. ஏற்கெனவே காற்று தேங்கிய நெஞ்சில் இன்னும் காற்றைத் திணிக்கிறோம். வெளியேற நேரம் இல்லை. உள்ளழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுத்துவிடும். பிபி சரியும், நாடி மறையும். அங்கே "டியூப் போட்டதும் ஹார்ட் நின்னுடுச்சு" என்ற கதை பிறக்கிறது. செய்ய வேண்டியது நிமிடத்துக்கு 6 முதல் 8 முறை மட்டுமே. ஒரு அழுத்து அழுத்திவிட்டு, ஏழெட்டு நொடி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பதற்றமான அறையில் அந்த ஏழெட்டு நொடி ஒரு யுகமாகத் தோன்றும். ஆனாலும் நின்றுதான் ஆக வேண்டும்.

பிபி சரிந்தால் முதல் வைத்தியம் மருந்தில் இல்லை. டியூப்பிலிருந்து பேக்கையோ வென்டிலேட்டர் குழாயையோ கழற்றிவிட்டு, 30 நொடி முதல் ஒரு நிமிடம் வரை காற்று தானாக வெளியேறக் காத்திருப்பது. தேங்கிய காற்று வந்துகொண்டே இருக்கும், மானிட்டரில் பிபி மெல்ல ஏறும். அப்படியும் ஏறவில்லையென்றால், நுரையீரல் கிழிந்து நெஞ்சறையில் காற்று அடைத்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். இருந்தால் ஊசி குத்திக் காற்றை விடுவித்து, பிறகு நெஞ்சில் குழாய் வைப்பார்கள். டியூப் ஆழமாக இறங்கி ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்று போகிறதா, சளி அடைத்துவிட்டதா என்பதும் பார்க்க வேண்டியவை.

வென்டிலேட்டரிலும் இதே நிதானம்தான். உயரத்தைக் கொண்டு கணக்கிடும் உடல் எடைக்கு, கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி. காற்று, 60 கிலோ என்றால் ஒரு மூச்சுக்கு 360 முதல் 480 மி.லி. நிமிடத்துக்கு 8 முதல் 10 மூச்சு. பத்து மூச்சு என்றால் ஒன்றுக்கு 6 நொடி கிடைக்கும்; இழுக்க ஒரு நொடி, விட ஐந்து நொடி. திரையில் காற்றோட்டக் கோடு மூச்சை விடும்போது அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கி, மெதுமெதுவாக மேலேறும். அது பூஜ்யத்தைத் தொட்ட பிறகே அடுத்த மூச்சு தொடங்க வேண்டும். தொடாமலே அடுத்தது தொடங்கினால் காற்று தேங்குகிறது என்று பொருள். வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். உச்ச அழுத்தம் 50, 60 என்று ஏறி அலாரம் கத்தும். அது பெரும்பாலும் இறுகிய குழல்களைத் தாண்டுவதற்கான அழுத்தம், காற்றுப்பைகளைச் சேருவதில்லை. மூச்சை நிறுத்திப் பிடித்து அளக்கும் அழுத்தம் 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அலாரம் வரம்பை 40-ல் விட்டுவிட்டால், கருவி ஒவ்வொரு மூச்சையும் பாதியில் வெட்டிவிடும். நோயாளிக்குக் காற்றே போகாது.

இவ்வளவு மெதுவாகக் காற்று கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு 70, 80 என்று ஏறத்தான் செய்யும். ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 7.2-க்கு அருகில் நின்றால், மூளையில் காயமோ வீக்கமோ இல்லாதவர் அதைத் தாங்கிக்கொள்வார். சுவிட்சர்லாந்தின் டரியோலி, பெர்ரே ஆகிய மருத்துவர்கள் 1984-இல் இந்த முறையில் கிடைத்த நல்ல பலனை வெளியிட்ட பிறகுதான், எண்ணைச் சரிசெய்யும் அவசரத்தில் வேகமாகக் காற்றடிக்கும் வழக்கம் குறையத் தொடங்கியது. உறவினர்கள் கையில் ரத்தப் பரிசோதனைத் தாள் கிடைத்து, "80 இருக்கே, ஏன் மெஷின் வேகத்தைக் கூட்டி வைக்கலை?" என்று கேட்டால், வேண்டுமென்றே விட்டிருக்கிறோம் என்பதே பதில்.

டியூப் போட்ட பிறகும் சால்பியூட்டமால், ஸ்டீராய்டு நிற்காது. இங்கே ஒரு சின்னத் தவறு அடிக்கடி நடக்கும்: வென்டிலேட்டர் குழாயில் மாட்டும் ஈரப்பதம் காக்கும் ஃபில்டரைக் கழற்றாமலே நெபுலைசர் வைத்துவிடுவார்கள். மருந்தை அந்த ஃபில்டரே குடித்துவிடும். தசைத்தளர்வு மருந்தை நாள்கணக்கில் ஓட்டுவதும் கூடாது. ஸ்டீராய்டோடு சேர்ந்து கை கால் தசைகளைப் பலவீனமாக்கிவிடும்.

குடும்பத்தார் அதிகம் பயப்படுவது டியூப்பை மறுபடி எடுக்க முடியுமா என்பதற்குத்தான். ஆண்டுக்கணக்கில் புகைத்துச் சிதைந்த நுரையீரலையும் ஆஸ்துமாவையும் ஒன்றாக நினைப்பதால் வரும் பயம் இது. ஆஸ்துமாவின் இறுக்கம் மருந்துக்கு இளகக்கூடியது. பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று நாளில் டியூப் வெளியே வந்துவிடும். உள்ளே இருக்கும்வரை பேச முடியாது, எடுத்தபின் சில நாள் தொண்டை கரகரக்கும். கையெழுத்துக் கேட்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: இதுவரை என்னென்ன மருந்து கொடுத்தீர்கள், எப்போது தொடங்கினீர்கள், கடைசி அரை மணியில் ஆள் தேறியிருக்கிறாரா, இங்கே ஐசியு இருக்கிறதா? நிலைமை சரிந்துகொண்டிருப்பவரை டியூப் இல்லாமல் ஆம்புலன்ஸில் ஏற்றி வேறு மருத்துவமனைக்கு அனுப்புவது பெரும் ஆபத்து. ஓடும் வண்டியில் டியூப் போட நேர்வதைவிட, கிளம்புமுன் போட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆஸ்துமா மரணச் செய்தியில் டியூப்பைக் காரணம்போல எழுதாமல், நோயாளி எத்தனை மணி நேரத் திணறலுக்குப் பிறகு வந்தார், தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை எடுத்துவந்தாரா என்பதை நிருபர்கள் கேட்டு எழுதலாம். சால்பியூட்டமால் இன்ஹேலரை மட்டும் நம்பி ஆஸ்துமாவைச் சமாளிக்க வேண்டாம் என்று ஜினா எனப்படும் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019-இலேயே மாற்றிச் சொல்லிவிட்டது. 200 பஃப் கொண்ட ஒரு சால்பியூட்டமால் இன்ஹேலர் மாதத்துக்குள் காலியாகிறது என்றால், அந்த ஆள் ஆபத்தில் இருக்கிறார்.

டியூப் எடுத்து வீடு திரும்பியவரின் மாத்திரை ஸ்டீராய்டு பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள் வரை தொடரும். தினசரி இன்ஹேலர் அதற்குப் பிறகும் நிற்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் மருத்துவரை மறுபடி பார்க்க வேண்டும். ஒருமுறை டியூப் போட்டவருக்கு அடுத்த தாக்குதல் உயிருக்கே ஆபத்தாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும், பெயர், வயது கேட்பதற்கு முன்பே "இவருக்கு ஏற்கெனவே டியூப் போட்டிருக்காங்க" என்று சொல்லிவிடுங்கள். வெளியேற்றச் சீட்டின் நகலை இன்ஹேலர் இருக்கும் பையிலேயே வைத்திருங்கள்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சை மற்றும் மயக்கவியல் மருத்துவர்கள்